ராணி என்று அழைக்க மாட்டோம்

அதிகாரமும் அடக்கமும் – தொடர் கட்டுரை, பகுதி 11

1915 ஆகஸ்ட் 10. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், பதிவாளர் அலுவலகம் ஒன்றில் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை புதுக்கோட்டை சமஸ்தானத்தின் ராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். நாற்பதைத் தொட இன்னும் சில மாதங்கள் இருந்தன. பெண், மெல்போர்னைச் சேர்ந்த மோலி ஃபிங்க். ராஜாவைவிட ஏறக்குறைய இருபது வயது இளையவர். இருவரும் மனமொத்துச் செய்துகொண்ட, சட்டப்படி பதிவான திருமணம்.

இதற்குத் தண்டனை உண்டா? உண்டு. பதின்மூன்று ஆண்டுகள் அந்தத் தண்டனை நீடித்தது. ராஜா செத்த பிறகும் விடவில்லை.

சென்ற வாரம் வரை, படையும் சிறையும் தூக்கும் கொண்டு அடக்கிய அதிகாரத்தைப் பார்த்தோம். புதுக்கோட்டை ராஜாவின் மேல் ஒரு சிப்பாயும் துப்பாக்கி நீட்டவில்லை. கஜானாவை யாரும் பூட்டவில்லை. பிரிட்டிஷ் அரசு சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: இந்தப் பெண்ணை ராணி என்று அழைக்க மாட்டோம், இவர் வயிற்றில் பிறக்கும் பிள்ளையை வாரிசு என்று ஏற்க மாட்டோம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வரைக்கும் போய் உறுதியான முடிவு அது. ஒரு நாட்டை ஆண்டவரை அவருடைய மண்ணைவிட்டே கிளப்ப அந்த இரண்டு வாக்கியங்கள் போதுமானதாக இருந்தன. எப்படி என்பதுதான் இந்த வாரம்.

முதலில், தொண்டைமான்களுக்கும் ஆங்கிலேயருக்கும் இருந்த உறவைச் சொல்லிவிட வேண்டும். கர்நாடகப் போர்களில் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்த ஆங்கிலேயருக்கு அரிசியும் ஆளும் அனுப்பியது புதுக்கோட்டை. 1799-ல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததும் புதுக்கோட்டைதான். அந்தப் பழி இன்றைக்கும் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. நன்றிக்கடனாக 1803-ல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த சீமையும் தொண்டைமானுக்குக் கிடைத்தன. ஆண்டுக்கு ஒரு யானை திறையாகக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை. அந்த யானையைக் கம்பெனிக்காரர்கள் வற்புறுத்திக் கேட்கவில்லை. 1836-ல் அதை முறைப்படி தள்ளுபடியும் செய்தார்கள். சுற்றிலும் தஞ்சாவூர், மதுரை, ராமநாதபுரம் என்று எல்லாம் ஆங்கிலேயர் கைக்குப் போக, நடுவில் ஏறக்குறைய 1,180 சதுர மைல் மட்டும் தனி ராஜ்யமாக மிஞ்சியது. சொந்தக் காசுகூட உண்டு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் அமர்ந்திருக்கும் அம்மன் காசு. 320 காசு சேர்ந்தால் ஒரு ரூபாய். நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து அதை மக்களுக்கு வழங்குவார்கள்.

வாங்காமல் விட்ட யானையில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பணமாகப் பெறுகிறவன், பணம் வராவிட்டால்தான் கோபிக்க முடியும். சலுகையாகக் கொடுத்தவனோ எப்போது வேண்டுமானாலும் கோபிக்கலாம். 1859-ல் ராமச்சந்திர தொண்டைமான் கடனில் மூழ்கி ஊதாரித்தனம் செய்கிறார் என்று சொல்லி, அவர் பெயருக்கு முன்னால் போடும் ‘எக்ஸலென்ஸி’ பட்டத்தைப் பறித்தார்கள். பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். பிள்ளையைப் போல ஒரு ராஜாவை அடக்கிப் பழகியாயிற்று. இத்தனைக்கும் பட்டம் போனதால் அவர் சோற்றில் ஒரு பருக்கை குறையவில்லை. ஆனால் அவருடைய பெருமை முழுவதும் அந்த ஒரு சொல்லில் நின்றது. அதைக் கொடுப்பதும் எடுப்பதும் சென்னைக் கோட்டையின் கையில் இருந்தது.

அந்த ராமச்சந்திரரின் மகள் வயிற்றுப் பேரன்தான் மார்த்தாண்ட பைரவர். பேரனைத் தத்தெடுத்து வாரிசாக்கினார் தாத்தா. 1886-ல் சிறுவனாகப் பட்டத்துக்கு வந்தார். ஆட்சியைக் கவனித்தவர் திவான் சேஷய்யா சாஸ்திரி. இன்று நேர்கோடாக அகன்று கிடக்கும் புதுக்கோட்டை வீதிகள் சாஸ்திரியின் காலத்தில் உருவானவை. பையனுக்கு ஆங்கிலேய ஆசிரியரை வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். ஆங்கிலம், ஆங்கில உடை, ஆங்கில விளையாட்டு, பிறகு ஐரோப்பியப் பயணம். வெள்ளைக்காரரைப் போலவே வளர்த்தார்கள். வளர்ந்தவர் வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டதும் எல்லாம் தலைகீழானது.

இதில் அவர் முதல் ஆளும் இல்லை. கபூர்தலா மகாராஜா ஜகத்ஜித் சிங், ஸ்பெயின் தேசத்து நடனக்காரி அனிதா டெல்காடோவை 1908-ல் மணந்திருந்தார். அனிதாவையும் ஆங்கிலேயர் ஏற்கவில்லை. காரணத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லலாம். ஆளும் இனத்துப் பெண், ஆளப்படும் இனத்து ஆணுக்கு மனைவி ஆனால், ஆளுகிறவர் உயர்ந்தவர் என்ற கட்டுக்கதை உடைந்துபோகும். மோலிக்கு ‘ஹர் ஹைனஸ்’ பட்டம் கொடுத்தால், விருந்தில் கலெக்டரின் மனைவி எழுந்து நின்று மரியாதை செய்ய வேண்டும். அரசு பயந்தது இதற்குத்தான்.

1915 கடைசியில் தம்பதியர் புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். மோலி இங்கே இருந்தது ஏறக்குறைய ஐந்து மாதம். தடை எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிட்ட நின்று பார்க்க அந்த ஐந்து மாதம் போதும். அரசு ஆணை வந்தது ராஜாவுக்கு மட்டும். அதை நிறைவேற்றியவர்களோ ஏராளம். வெள்ளை அதிகாரிகளின் வீடுகள் மோலிக்குத் திறக்கவில்லை. அழைப்பிதழ் வராது, அனுப்பினால் பதில் வராது. அரண்மனைக்குள்ளே உறவினர்களுக்கும் இந்தக் கல்யாணம் பிடிக்கவில்லை. சாதி விட்டு, மதம் விட்டு, தேசம் விட்டு வந்தவள் என்ற முணுமுணுப்பு. கோட்டையில் இருந்த துரைக்கும் அரண்மனைக் கூடத்தில் இருந்த பெரியவருக்கும் வேறு எதிலும் ஒத்துப்போகாது, இதில் ஒத்துப்போனார்கள். கர்ப்பிணியாக இருந்த மோலிக்கு உடம்பு மோசமானது. அரளி கலந்து கொடுத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் எழுந்தது. 1916 ஏப்ரலில் இருவரும் கிளம்பிவிட்டார்கள். அந்த ஜூலையில் சிட்னியில் ஆண் குழந்தை பிறந்தது. மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர் வைத்தார்கள். பெயரில் மட்டும்தான் தொண்டைமான்.

நம் கிராமங்களில் ஒரு குடும்பத்தைத் தள்ளி வைத்தால் என்ன நடக்கும் என்று பெரியவர்களுக்குத் தெரியும். அடுப்பு மூட்ட நெருப்புக் கேட்டால் கொடுக்கக் கூடாது. கிணற்றில் தண்ணீர் சேந்த விடக் கூடாது. சலவைக்காரரும் நாவிதரும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது. சாவு விழுந்தால் பாடை தூக்க ஆள் வராது. தீர்ப்புச் சொன்னவர் நாலு பேர். அதை நடத்திக் காட்டியது ஊர் மொத்தமும். ஒருவர் ரகசியமாக ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால், அவர் வீட்டுக்கும் அதே கதிதான். ஆகவே பயந்தவர்கள்தான் பெரும்பாலும் இந்தத் தண்டனையைக் கண்டிப்பாக நிறைவேற்றுவார்கள். மோலியை அழைக்காத துரைசானிகளில் எத்தனை பேருக்கு அவர்மேல் நிஜமான வெறுப்பு இருந்திருக்கும்? கணவரின் பதவி உயர்வை நினைத்து ஒதுங்கியவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இதே புதுக்கோட்டையில், இதே ராஜாவின் காலத்தில், இன்னொரு குடும்பமும் ஒதுக்கலைச் சந்தித்தது. மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்த நாராயணசாமி அய்யர், இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்த சந்திரம்மாளை மணந்துகொண்டார். அய்யரின் சொந்தக் குடும்பம் அவரைத் தள்ளி வைத்தது. 1886-ல் பிறந்த அவர்களுடைய மகள் முத்துலட்சுமி, படிப்பில் கெட்டிக்காரப் பெண். தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் தேறிய பிறகு மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அது ஆண்கள் கல்லூரி. பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு. தாயின் குலத்தைச் சொல்லியும் எதிர்ப்பு. மார்த்தாண்ட பைரவர் அதையெல்லாம் தள்ளிவிட்டு, 1904-ல் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள்; இருந்தாலும் உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1912-ல் டாக்டராகி, சென்னை சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவராகி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் தெரியாதவர் யார்?

இந்த இரண்டு சம்பவங்களையும் சேர்த்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. ஊர் போட்ட விலக்கை ஒரு கையெழுத்தில் உடைக்க முடிந்த மனிதர், பதினோரு வருஷம் கழித்துத் தன் மனைவிக்குப் போட்ட விலக்கை உடைக்க முடியாமல் நின்றார். ராஜாவின் அதிகாரம் கீழே இருந்தவர்கள்மேல் செல்லும், மேலே செல்லாது. அந்த அதிகாரமே மேலேயிருந்து இரவலாக வந்தது.

1919 வரை ஆஸ்திரேலியா. பிறகு லண்டன், பிரான்ஸ். 1922 முதல் புதுக்கோட்டையை ராஜாவின் உடன்பிறந்தவர் ரீஜன்டாக இருந்து கவனித்தார். 1928 மே 28 அன்று பாரிஸில் மார்த்தாண்ட பைரவர் காலமானார். உடலைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவர அரசு அனுமதிக்கவில்லை. லண்டனின் கோல்டர்ஸ் கிரீன் தகனச்சாலையில் எரித்தார்கள். பாடை தூக்க ஆள் வராது என்ற அந்தக் கடைசி ஷரத்து, ராஜாவுக்கும் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பரில், பன்னிரண்டு வயது சிட்னியை விட்டுவிட்டு, அரச குடும்பத்தின் வேறொரு கிளையிலிருந்து ஆறு வயது ராஜகோபாலனைத் தேர்ந்தெடுத்துப் பட்டம் கட்டினார்கள்.

மோலியை ஏற்காத ஐந்தாம் ஜார்ஜின் மூத்த மகன் எட்டாம் எட்வர்டு, 1936-ல் வாலிஸ் சிம்ப்சனுக்காக முடியைத் துறந்தார். அடுத்த ஆண்டு, எட்வர்டின் மனைவிக்கு ‘ஹர் ராயல் ஹைனஸ்’ பட்டம் கிடையாது என்று அரண்மனை அறிவித்தது. மோலிக்கு எடுத்த அதே ஆயுதம். மோலி 1967-ல் பிரான்ஸின் கான் நகரில் இறந்தார். வாலிஸும் பிரான்ஸில்தான் வாழ்ந்து முடித்தார்.

தடை என்பதே அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. 1946-ல் தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை முதலில் முறித்துக்கொண்ட நாடு இந்தியா. அங்கிருந்த இந்தியர்களை, அவர்களில் கணிசமான தமிழர்களை, நிறத்துக்காக ஒடுக்கினார்கள் என்பதால் எடுத்த முடிவு. வணிகத்தை இழந்தோம், தெரிந்தே இழந்தோம். 1974-ல் டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டி வரை போன இந்திய அணியில் சென்னைப் பையன்கள் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் இருந்தார்கள். எதிரே தென்னாப்பிரிக்கா. ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. கைக்கு எட்டியதை அந்த இளைஞர்கள் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

எந்தத் தடையைப் பற்றிப் படித்தாலும், விதித்தவன் கையிலிருந்து என்ன போனது என்று நான் தேடுகிறேன். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக நம் கையிலிருந்து போயிற்று. மோலி விஷயத்தில் பிரிட்டிஷ் அரசுக்கு ஒரு அணாகூடப் போகவில்லை. விலையில்லாத் தண்டனையை யாருக்கு நிறுத்தத் தோன்றும்?

புதுக்கோட்டை மாவட்டத்திலேயே இன்றைக்கும் இந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறது. 2022 டிசம்பர் கடைசியில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அந்த வழக்கு நீண்ட கதை. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அங்கத்து மக்கள் அதை ஏற்கவில்லை. நான் இங்கே எடுத்துக்கொள்வது, விசாரணைக்குப் போன கலெக்டர் கவிதா ராமுவும் எஸ்.பி. வந்திதா பாண்டேவும் அங்கே கண்ட வேறொன்றை. டீக்கடையில் இரட்டைக் குவளை. அய்யனார் கோயிலுக்குள் போக அந்த மக்களுக்கு வழியில்லை. கலெக்டர் அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார்; வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அன்றுவரை தனிக் குவளை வைத்த கடைக்கு அதனால் ஒரு டீ விற்பனைகூடக் குறைந்திருக்காது. வழக்கு என்று வந்த பிறகுதான் அந்தப் பழக்கத்துக்கு ஒரு விலை உண்டென்று தெரிந்தது. 1904-ல் ராஜாவின் கையெழுத்து செய்த வேலையை இப்போது சட்டம் செய்ய வேண்டியிருக்கிறது. கையெழுத்துப் போட ஓர் அதிகாரி வண்டியில் வந்து இறங்கும்வரை அந்த ஊர் காத்திருந்தது என்பதுதான் வேதனை.

ராஜகோபால தொண்டைமான் 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானத்தை இந்திய யூனியனோடு இணைத்தார். ராஜ்யம் போனாலும் பட்டமும் மானியமும் இருந்தன, இந்தியக் குடியரசின் அங்கீகாரத்தின் பேரில். 1970 செப்டம்பரில் எல்லா மன்னர்களுக்குமான அங்கீகாரத்தைக் குடியரசுத் தலைவர் ஓர் ஆணையால் நீக்கினார். டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. அடுத்த டிசம்பரில் நாடாளுமன்றம் 26-வது அரசமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது, முடிந்தது. இந்த முறை ஒருவரைப் பொறுக்கி எடுத்துத் தண்டிக்கவில்லை. கல்யாணம், நிறம், நடத்தை எதையும் யாரும் பார்க்கவில்லை. நாட்டில் ஒருவருக்கும் அந்தப் பட்டம் இல்லை என்றார்கள். மோலிக்கு மறுக்கப்பட்ட சொல் அதன் பிறகு இந்தியாவில் எந்தப் பெண்ணுக்கும் சட்டப்படி கிடையாது.

அடுத்த வாரம் இதே மாவட்டத்தின் கடற்கரைக்குப் போவோம். கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் கிளம்பும் விசைப்படகு, கடலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைத் தாண்டினால் படகு பறிபோகும், ஆள் சிறைக்குப் போவார். 2018-ல் இலங்கை திருத்திய சட்டம் அபராதத்தைக் கோடிக் கணக்கில் உயர்த்தியது. அப்படியும் படகுகள் ஏன் போகின்றன?

(தொடரும்)