சுன்னாகத்துக் கிணறுகளும் உறங்கிய சட்டமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கித் தங்கும் மழைநீரையே கிணறுகளில் அள்ளிக் குடிக்கிறோம். பாறையில் வெடிப்புகள் இருப்பதால், ஓரிடத்தில் கொட்டும் கழிவு அயல் கிணறுகளுக்கும் பரவும்.

போரினால் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்த எங்களுக்குச் சுன்னாகத்தில் எண்ணெய் எரித்தே மின்சாரம் எடுக்கப்பட்டது. பின்னர் அயற்கிணறுகளில் எண்ணெய் கலந்தது.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், இத்தகைய நிலையங்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் கட்டாயம். நிபந்தனை மீறப்பட்டால் அதை இரத்துச் செய்யும் அதிகாரமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு உண்டு. இருந்தும், இழப்பீட்டுக்குச் சூழலியலாளர் ஒருவர் அடிப்படை உரிமை வழக்குத் தொடுக்கவேண்டி வந்தது. நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமென 2019 ஏப்ரல் 4 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவருக்கு ஆகக்கூடியது 40,000 ரூபா.

அந்தப் பணம் நிலத்தடி நீரைத் தூய்மையாக்காது. கழிவு மண்ணில் இறங்குமுன் தடுப்பதற்குத்தான் உரிமமும் கண்காணிப்பும். ஆகவே, உங்கள் ஊரில் இயங்கும் தொழிலகத்தின் உரிமத்தையும் நிபந்தனைகளையும் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இப்போதே கேளுங்கள் என்கிறேன். கிணறு நாறிய பிறகு கேட்டுப் பயனில்லை.