தாதியின் பட்டமும் ஒரு மதிப்பெண் பட்டியலும்

ரங்கூன் போட்டாதாங்கிலிருந்து என் தமக்கை மகள் கேட்கிறாள்: "மாமா, வேலையை விடாமல் இணையவழியே நர்ஸிங் பட்டம் படிக்கலாமா?"

தாதி வேலையைத் திரையில் கற்பதா என்று நம்மவர் சிரிக்கக்கூடும். இது புதிதாகத் தாதியாவதற்கான படிப்பல்ல. டிப்ளோமாவும் பதிவும் பெற்று ஏற்கெனவே வார்டில் நிற்பவளுக்கானது. ஊசி போடுவதை எவரும் மறுபடி கற்பிப்பதில்லை. ஆய்வுகளை வாசித்து எடைபோடுதல், சமூக சுகாதாரம், நிர்வாகம் ஆகியவையே பாடங்கள்.

சங்கதி பழையதுதான். கனடாவின் அத்தபாஸ்கா பல்கலைக்கழகத் துணையோடு இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1990களிலேயே பணியிலுள்ள தாதியருக்குத் தொலைக்கல்வியில் பட்டப்படிப்பைத் தொடங்கியது. நியூயோர்க் மாநிலத்தின் 2017ஆம் ஆண்டுச் சட்டமோ, புதிதாகப் பதிவுபெறுவோர் 10 ஆண்டுகளுக்குள் பட்டம் பெற்றாக வேண்டும் என்கிறது.

அவளுக்கு மின்வெட்டையும் கட்டணத்தையும் விடப் பெரிய தடை வேறு. 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அரச மருத்துவமனையை விட்டு வெளியேறியவர்களில் அவளும் ஒருத்தி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, மதிப்பெண் பட்டியலைப் படித்த கல்லூரியே நேரில் அனுப்பவேண்டும் என்கின்றன. அதைக் கேட்டு விண்ணப்பித்தால் தன் பெயரையும் முகவரியையும் தானே கொடுத்ததாகும். (என் சான்றிதழ்கள் பெட்டியில் பத்திரமாக உள்ளன, தொழிற்சாலையில் அவற்றை எவரும் கேட்பதில்லை.)

1997 லிஸ்பன் உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, ஆவணமில்லாத அகதியின் கல்வியையும் மதிப்பிட வழிசெய்யுமாறு அதில் சேர்ந்த நாடுகளைக் கேட்கிறது. ஆனால் அகதியாவதற்கு எல்லை கடந்திருக்க வேண்டும். அவள் இன்னும் போட்டாதாங்கில் இருக்கிறாள்.

கல்லூரிக் கடிதமின்றி, கையிலுள்ள பிரதியையும் பதிவுச் சான்றையும் மட்டும் ஏற்பார்களா என்று பணம் கட்டுமுன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.