கட்டிலின் முனகலும் கலையும் உறக்கமும்

இஷாத் தொழுகையை முடித்து, பிள்ளைகளை உறங்க வைத்து, விளக்கையும் அணைத்த பின்னர் ஓர் இல்லத்தில் எஞ்சியிருக்க வேண்டியது அமைதி ஒன்றே. ஆனால் பலருடைய வீடுகளில் அந்த அமைதியை ஒரு கட்டில் குலைத்து விடுகிறது. புரண்டு படுத்தால் 'கிரீச்' என்கிறது. எழுந்து அமர்ந்தால் முனகுகிறது. இது அற்பமான விஷயம் என்று வாசக நேயர்கள் எண்ணிவிட வேண்டாம்.

மூட்டு வலியால் அவதியுறும் முதிய தாய், தாம் அசைந்தால் அருகில் உறங்கும் பேரக்குழந்தை விழித்துக்கொள்ளுமே என்று அஞ்சி, ஒரே பக்கமாகப் படுத்து வலியைப் பொறுத்துக்கொள்கிறார். கூட்டுக் குடும்பத்திற்குப் புதிதாக வந்த மருமகள், அடுத்த அறையில் பெரியவர்கள் இருக்கிறார்களே என்று நாணித் தரையில் பாய் விரித்துக்கொள்கிறாள். இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. "உன் வாப்பா கொடுத்த கட்டிலின் இலட்சணத்தைப் பார்!" என்று அவளைக் குத்திக்காட்டுவதே அது. ஆண் மகன் மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டிய மார்க்கத்தில், பெண் வீட்டாரிடம் கட்டிலை எதிர்பார்ப்பதே முறையன்று. அதன் ஓசைக்கும் அவளையே பழிப்பது எவ்வகையில் நியாயம்? தளர்ந்திருப்பது ஒரு திருகாணி. அதற்காக ஒரு பெண்ணின் உள்ளம் உடைய வேண்டுமா?

நபி (ஸல்) அவர்கள் இரவில் வரும்போது, உறங்குவோர் விழித்துவிடாமலும் விழித்திருப்போர் மட்டும் செவியேற்கும் வண்ணமும் தாழ்ந்த குரலில் ஸலாம் உரைப்பார்கள் என்று மிக்தாத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி, ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. பிறர் உறக்கத்தைப் பேணுவதும் நபிவழியே என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஓசை பிறக்குமிடம்

இரு பரப்புகள் ஒன்றோடொன்று உராய்வதால்தான் ஓசை எழுகிறது. மரம் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். கோடையில் உலர்ந்து சுருங்கும். ஆகவே ஐப்பசியில் இறுக்கமாக இருந்த மூட்டு, சித்திரையில் தளர்ந்துவிடுகிறது. கட்டிலைத் தரையோடு இழுத்து நகர்த்துவதும், பிள்ளைகள் அதன்மேல் குதிப்பதும் இத்தளர்ச்சியை விரைவுபடுத்துகின்றன.

முதலில் மெத்தையை எடுத்துக் கீழே வைத்து, அதன்மேல் படுத்துப் பாருங்கள். அப்போதும் ஓசை வந்தால் குற்றம் மெத்தையினுடையது, கட்டிலினுடையதன்று. இல்லையேல், ஒருவர் கட்டிலை மெல்ல அசைக்க, மற்றவர் ஒவ்வொரு மூட்டின் மீதும் கை வைத்துப் பார்க்கட்டும். காதுக்குப் புலப்படாத அதிர்வும் விரலுக்குப் புலப்படும். பின்னர் நான்கு கால்களின் அடியிலும் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் எளிதாக நுழையும் கால், தரையில் படியவில்லை என்று பொருள். தலைமாட்டுப் பலகை சுவரில் உரசுகிறதா என்றும் கவனியுங்கள்.

நீக்கும் வழிகள்

பக்கச் சட்டங்களைத் தலைமாட்டோடும் கால்மாட்டோடும் பிணைக்கும் போல்ட்டு, நட்டுகளை இறுக்குவதே முதற்பணி. ஒரு மூலையை முழுவதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்லாமல், நான்கையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். நட்டு மரத்தில் அமிழ்ந்திருந்தால், அதனடியில் அகன்ற வாஷர் ஒன்றை இடுங்கள். அளவு மீறி முறுக்கினால் மரம் நசுங்கிப் பிளந்துவிடும்.

திருகாணியின் துளை பெரிதாகிப் பிடிப்பின்றி இருந்தால், மூங்கில் குச்சியையோ தீக்குச்சியையோ மரப்பசையில் தோய்த்துத் துளையில் செருகி, ஒரு நாள் முழுவதும் உலர விட்ட பின் திருகாணியை மீண்டும் முடுக்குங்கள். பிற்பாடு கழற்ற வேண்டிய மூட்டுகளில் மட்டும் பசையைத் தடவலாகாது.

குறுக்குப் பலகைகள் சட்டத்தின் மீது படியும் இடங்களில், பழைய சைக்கிள் டியூபையோ தடித்த பருத்தித் துணியையோ பட்டையாக வெட்டி வையுங்கள். செலவு ஏதுமில்லை, பயனோ பெரிது. மரத்தோடு மரம் உராயும் பரப்புகளில் மெழுகுவத்தியை நன்கு தேய்த்தால் போதும்.

பலரும் இங்கே தேங்காய் எண்ணெயை ஊற்றிவிடுகின்றனர். மரம் அதை உறிஞ்சிக்கொள்ளும். தூசும் எறும்பும் சேரும். நாளடைவில் சிக்கு வாடை வீசும். எண்ணெயும் கிரீஸும் இரும்புக் கட்டிலின் கீல்களுக்கே உரியவை. அங்கும் முதலில் துருவை உப்புத்தாளால் தேய்த்து நீக்கிவிட்டுத்தான், ஓரிரு சொட்டு இயந்திர எண்ணெய் இட வேண்டும். சுற்றியுள்ள கசிவைத் துணியால் துடைத்துவிட்டால் விரிப்பில் கறை படியாது. தரையில் படியாத காலுக்கு ரப்பர்த் துண்டு ஒன்றை அடைகொடுங்கள்.

எச்சரிக்கை ஒன்று

எல்லா ஓசையையும் அடக்கிவிட முயலக்கூடாது. சட்டத்தில் விரிசல் கண்டாலோ, கட்டிலின் கீழ் நுண்ணிய மரத்தூள் உதிர்ந்து கிடந்தாலோ, அந்த முனகல் உங்களுக்கு விடுக்கப்படும் எச்சரிக்கையாகும். மரம் உளுத்திருக்கலாம். அத்தகைய கட்டிலில் முதியவரையோ குழந்தையையோ படுக்க வைக்காமல், தச்சரை அழைத்துக் காட்டுங்கள். இரும்புக் கட்டிலில் பற்றவைப்பு விட்டுப்போயிருந்தால் அதைச் செப்பனிடுவது பட்டறையாரின் வேலை.

ஆண்டுக்கு இருமுறை, கோடையின் தொடக்கத்திலும் மழைக்காலம் முடிந்த பின்னரும், மூட்டுகளைச் சோதிப்பதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். கட்டிலை நகர்த்த நேர்ந்தால் இருவராகத் தூக்கியே நகர்த்துங்கள்.

அன்பிற்குரிய சகோதரர்களே! இப்பணி முடிய ஒரு வெள்ளிக்கிழமை மாலைப் பொழுது போதும். கருவி ஒரு ஸ்பேனர், பொருள் ஒரு மெழுகுவத்தி. உங்கள் தாயார் அச்சமின்றிப் புரண்டு படுக்கவும், உங்கள் மனைவி தலைகுனியாமல் இவ்வீட்டைத் தன் வீடாக எண்ணவும் அது வழிசெய்யும். அவர்கள் வாய்விட்டுக் கேட்கும்வரை காத்திராதீர்கள். பலர் கேட்கவே மாட்டார்கள். இன்ஷா அல்லாஹ், இவ்வாரமே அதைச் செய்து முடியுங்கள்.