ஸ்பேம் ஏன் வருகிறது? எப்படித் தடுப்பது?

காம்பாரில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்தைச் சுற்றி அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு, “பகுதிநேர வேலை, நல்ல சம்பளம்” என்று மின்னஞ்சல் வந்தால் திறக்கத்தான் கை போகும். அனுப்பியவர் பெயரும் நம்பும்படியே இருக்கும்.

அந்தப் பெயர் எப்படிப் பொய்யாகிறது? மின்னஞ்சலை அனுப்பும் விதிமுறை 1982இல் வகுக்கப்பட்டது. கடித உறையின் பின்புறம் யார் பெயரையும் எழுதலாம் அல்லவா? அதேபோல, அனுப்புநர் முகவரியைச் சரிபார்க்க அந்த விதிமுறையில் வழியில்லை. சரிபார்க்கும் முறைகள் பின்னால் ஒட்டுப்போட்டவை.

ஸ்பேம், அதாவது கேட்காமல் மொத்தமாக வரும் மடல், அந்த விதிமுறையைவிடப் பழையது. 1978 மே மாதம் அமெரிக்காவில் கேரி தர்க் என்ற விற்பனையாளர், கணினி விளம்பரம் ஒன்றைச் சுமார் 400 பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பினார். ஸ்பேம் இன்னும் வருவதற்குக் காரணம் எளிது: ஆயிரம் பேருக்கு அனுப்பினாலும் செலவு ஏறாது. லட்சத்தில் ஒருவர் ஏமாந்தாலும் லாபம்.

ஸ்பேமைப் பிரித்து ஒதுக்க மின்னஞ்சல் சேவையில் இருக்கும் வடிகட்டி, சொற்களை எண்ணுகிறது. “பரிசு”, “அவசரம்”, “இங்கே அழுத்துங்கள்” போன்றவை ஸ்பேமில் எத்தனை முறை, நல்ல மடலில் எத்தனை முறை வந்தன என்று பார்த்து வாய்ப்பைக் கணிக்கிறது. ஆகவே வெறுமனே அழிக்காதீர்கள்; “ஸ்பேம்” என்று குறியிடுங்கள், வடிகட்டி கற்றுக்கொள்ளும். பதில் எழுதவே வேண்டாம். படங்கள் தானாகத் திறப்பதையும் நிறுத்துங்கள்: கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படம்கூட, நீங்கள் மடலைத் திறந்ததை அனுப்பியவருக்குச் சொல்லிவிடும்.

நமக்குத் தெரிந்த கடையின் விளம்பரம் என்றால் வேறு வழி உண்டு. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுத்தச் சொல்லி எழுத்தில் கேட்கலாம். பணமே போய்விட்டதா? தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணை அழையுங்கள்.