45 வயதில் தொடங்கிய தாதிப் பணி

சென்ற ஆண்டு மீள்குடியேற்றக் கிராமமொன்றில் மாதர் கூட்டம் முடிந்து நான் புறப்படும் வேளையில், ஒரு தாய் என்னைத் தனியே அழைத்தார். வயது 46. குடும்பத்தின் தோட்டக் காணி இன்னும் கைக்கு வரவில்லை. கூலிக்கு வெங்காயம் பிடுங்கப் போகிறவர். 2009இல் செட்டிகுளம் முகாமில் காயப்பட்ட கணவரைப் பராமரித்தார். பின்னர் பாரிசவாதத்தால் படுக்கையில் விழுந்த மாமியாரை நான்கு வருடம் பராமரித்தார். இருவரும் இன்று இல்லை.

"பாதர், எனக்கு வருத்தக்காரரைப் பார்க்கத்தான் தெரியும். இந்த வயதிலை நேர்ஸ் வேலை பழகேலுமோ?" என்று கேட்டார்.

அன்று என்னால் பாதி மறுமொழிதான் சொல்ல முடிந்தது. இதே கேள்வி எமது வாசகர் பலரிடமும் இருக்கும் என்பதால் முழு மறுமொழியையும் இங்கே எழுதுகிறேன். முதலில், பிந்திய வயதில் இப்பணிக்கு வந்த ஒரு பெண்ணின் வரலாற்றைப் பார்ப்போம்.

நியூயோர்க்கில் ஒரு சிறு வீடு

ரோஸ் ஹோதோர்ன் 1851இல் அமெரிக்காவில் பிறந்தார். புகழ்பெற்ற எழுத்தாளர் நத்தானியேல் ஹோதோர்னின் கடைசி மகள். 20 வயதில் மணம் முடித்தார். ஒரே மகன் 1881இல், ஐந்து வயதும் நிரம்பாத நிலையில் நோயால் இறந்தான். மணவாழ்வும் நிலைக்கவில்லை, 1895இல் கணவரைப் பிரிந்தார். கவிதையும் கதையும் எழுதிய கையன்றி அவருக்கு வேறு தொழில் இருக்கவில்லை.

அக்காலத்தில் புற்றுநோய் தொற்றும் என்று மக்கள் அஞ்சினார்கள். குணப்படுத்த முடியாது என்று தெரிந்ததும் ஏழை நோயாளரை வைத்தியசாலைகள் அனுப்பிவிடும். வீட்டிலும் இடமில்லாதவர்கள் நகருக்கு அருகேயிருந்த பிளாக்வெல்ஸ் தீவின் அநாதை விடுதியிலே கிடந்து இறப்பார்கள். தையல் வேலை செய்து பிழைத்த ஒரு பெண்ணுக்கு இந்தக் கதி நேர்ந்ததை ரோஸ் கேள்விப்பட்டார். அது அவர் மனதை விட்டு அகலவில்லை.

1896இல், தமது 45ஆவது வயதில், நியூயோர்க் புற்றுநோய் வைத்தியசாலையில் மூன்று மாதப் பயிற்சி பெற்றார். புண் கழுவுவதையும் கட்டுப் போடுவதையும் அங்கே பழகினார். அதே ஆண்டில் நகரின் மிக வறிய பகுதியான கீழ் கிழக்குப் புறத்தில் சிறிய அறைகளை வாடகைக்கு எடுத்து, அயலிலுள்ள நோயாளரின் வீடுகளுக்குப் போய்வரத் தொடங்கினார். போக்கிடமற்றவர்களைத் தம்முடனேயே வைத்துக்கொண்டார்.

1897இன் இறுதியில் அலிஸ் ஹியூபர் என்ற ஓவியம் பயின்ற பெண் உதவிக்கு வந்தார். வாரத்தில் ஒரு பிற்பகல் மட்டும் என்று வந்தவர் அடுத்த ஆண்டு அங்கேயே தங்கிவிட்டார். 1899இல் ஒரு வீடு வாங்கினார்கள். கணவர் 1898இல் இறந்திருந்தபடியால், 1900இல் ரோஸ் தொமினிக்கன் சபைத் துறவியானார். 1901இல் நகருக்கு வெளியே பெரிய இல்லமொன்று திறக்கப்பட்டது. 1926இல் இறக்கும்வரை அவர் இப்பணியிலேயே இருந்தார். நோயாளரிடமோ அவர்களுடைய உறவினரிடமோ பணம் வாங்குவதில்லை என்ற அவருடைய விதியை அச்சபையினர் இன்றும் கைக்கொள்கிறார்கள்.

இதிலிருந்து நாம் அறிவது

முதலாவது, இரக்கம் மட்டும் போதும் என்று ரோஸ் எண்ணவில்லை. வேலையை முறையாகப் பழகிய பின்னரே நோயாளரிடம் போனார்.

இரண்டாவது, முன்னைய வாழ்க்கை வீண்போகவில்லை. எழுதத் தெரிந்த கை பத்திரிகைகளுக்கு எழுதி நன்கொடை திரட்டியது. மகனை இழந்த தாய்க்கு மரணப் படுக்கையின் அருகில் இருக்கத் தெரிந்திருந்தது. இருபது வயதில் வருபவருக்கு இளமையின் பலம் உண்டு. நாற்பதுக்குப் பின் வருபவருக்குப் பொறுமையும் பட்டறிவும் உண்டு. முகாமில் ஒரு வாளித் தண்ணீரில் நோயாளியைக் குளிப்பாட்டித் துணியும் தோய்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, சிறிதாகத் தொடங்கினார். துணை சேர்ந்தபின் பெரிதாக்கினார்.

எமது நாட்டில் உள்ள வழி

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ரோஸ் காலத்தில் மூன்று மாதம் பழகியவர் தாதியாகப் பணிசெய்யலாம். நியூயோர்க் மாநிலத்தில் தாதியரைப் பதிவு செய்யும் சட்டம் 1903இல்தான் வந்தது. இன்று நிலைமை வேறு. இலங்கையில் அரச தாதியர் பயிற்சிக்கு உயர்தரச் சித்தி வேண்டும், பயிற்சி மூன்று ஆண்டுகள், வயதெல்லையும் உண்டு. ஆகவே 46 வயதுத் தாய்க்கு அந்தக் கதவு திறவாது. உங்கள் பிள்ளைகளுக்கு அது திறந்திருக்கிறது. சில மாதங்களில் தாதியாக்கி வெளிநாட்டுக்கும் அனுப்புகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் நகையை அடைவு வைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆனால் பக்கத்திலே வேறொரு கதவு உண்டு. அது பராமரிப்பாளர் பணி. முதியோரையும் படுக்கையில் உள்ளவர்களையும் வீட்டிலோ இல்லத்திலோ கவனிக்கும் தொழில் இது. இதற்கு என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படியே இலங்கையில் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட, தனித்திருக்கும் முதியோர் எங்கள் கிராமங்களில் எத்தனை பேர் என்பதை நீங்களே அறிவீர்கள். பயிற்சி எங்கே, எப்போது, என்ன தகைமை வேண்டும் என்பதைப் பிரதேச செயலகத்திலுள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையத்திலோ கேளுங்கள். முன்னரே பெற்ற அனுபவத்தைப் பரீட்சித்துச் சான்றிதழ் வழங்கும் முறையும் என்.வி.கியூ. ஒழுங்கில் உண்டு. அதையும் கேளுங்கள்.

வீட்டிலிருந்தே பழகத் தொடங்கலாம்

வகுப்பு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் நோயாளி இருந்தால் இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

- நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.

- தாமாகத் திரும்ப முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். இடுப்பு, முதுகின் அடி, குதிக்கால் ஆகிய இடங்கள் சிவந்திருந்தால் படுக்கைப் புண்ணின் தொடக்கம் அது. அந்தப் பக்கம் அழுத்தாமல் வையுங்கள், தேய்க்க வேண்டாம்.

- நீரிழிவு உள்ளவரின் பாதங்களை நாள்தோறும் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. சிறு காயம் என்றாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

- எந்த மருந்து, எத்தனை மணிக்கு என்பதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். வைத்தியர் சொல்லாத மருந்தைக் கொடுக்க வேண்டாம்.

- தூக்கும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்துத் தூக்குங்கள். பாரமானவரை ஒருவராகத் தூக்க முயல வேண்டாம்.

பிறர் வீட்டில் இவ்வேலையைச் செய்யப் போவோர் சம்பளம், வேலை நேரம், ஓய்வு நாள் ஆகியவற்றை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். ரோஸ் நோயாளரிடம் பணம் வாங்காதது அவர் தெரிந்துகொண்ட துறவு வாழ்வுக்குரியது. பிள்ளைகளை வளர்க்கும் தாய் அப்படி இருக்க வேண்டியதில்லை. பெண்கள் செய்யும் பராமரிப்புக்குக் கூலி எதற்கு என்று கேட்பது எமது சமூகத்தின் பழைய குறை. வெங்காயம் பிடுங்குவதற்குக் கூலி கொடுக்கிறவர்கள், தமது தாயைக் குளிப்பாட்டி உணவூட்டுவதற்கும் நியாயமான கூலி கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

இந்தப் பணியின் நிறைவு பணத்தால் மட்டும் வருவதுமல்ல. காணியும் வீடும் மாடும் இழந்து, கொடுக்க எம்மிடம் ஒன்றுமில்லை என்று சோர்ந்திருக்கும் ஒருவர், தமது கைக்காக இன்னொருவர் காத்திருக்கிறார் என்று அறியும்போது தலை நிமிர்கிறார். இதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

என்னிடம் கேட்ட அந்தத் தாய் பராமரிப்பாளர் பயிற்சிக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். மறுமொழி இன்னும் வரவில்லை. இதற்கிடையில், பக்கத்து வீட்டில் தனித்திருக்கும் நீரிழிவுக்காரப் பெரியவர் ஒருவரின் கால்களை நாள்தோறும் கழுவித் துடைத்துப் பார்த்து, கண்டதைக் கொப்பியில் எழுதி வருகிறார். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். பிரதேச செயலகத்துக்கு அடுத்த முறை போகும்போது பயிற்சியைப் பற்றியும் ஒரு சொல் கேட்டு வாருங்கள்.