சம்பளம் கூடியும் வாடகை கட்ட முடியவில்லையே, ஏன்?

"சென்னையில் வேலை கிடைக்கிறது; வீடுதான் கிடைப்பதில்லை." பிழைப்புக்காக ஊரிலிருந்து குடும்பத்தோடு வந்த பலரும் சொல்வது இது. வீட்டு உரிமையாளரின் பேராசை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அது மட்டுமே காரணமல்ல.

பழைய மகாபலிபுரம் சாலையைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. பிறகு சிறுசேரி வரை மென்பொருள் நிறுவனங்கள் வரிசையாக வந்தன. ஓர் அலுவலகத்தில் ஆயிரம் பேர் விரைவாகச் சேர்ந்துவிடலாம். ஆயிரம் வீடுகள் அந்த வேகத்தில் எழுவதில்லை. நிலம், அனுமதி, குடிநீர், சாலை எல்லாம் வேண்டும். ஒருபுறம் கடல், மறுபுறம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் என்று இடமும் குறைவு.

இருக்கும் வீடுகளுக்குப் பலர் போட்டியிட்டால், அதிகம் கொடுக்க முடிந்தவரை வைத்தே வாடகை முடிவாகிறது. அதே அலுவலகங்களால் வேலை பெற்ற காவலாளியும் துப்புரவுப் பணியாளரும் அந்தப் போட்டியில் நிற்க முடியாது.

உதாரணத்திற்கு ஒரு கணக்கு. சம்பளம் 15,000 ரூபாய், வாடகை 5,000 என்றால் கையில் 10,000 நிற்கும். சம்பளம் 18,000 ஆகி, வாடகையும் 9,000 ஆகிவிட்டால் நிற்பது 9,000 மட்டுமே. சம்பளம் கூடியது, குடும்பம் இன்னும் ஏழையானது. வாடகை குறைந்த இடத்துக்குத் தள்ளிப் போனாலோ, பிள்ளைகளோடு இருக்க வேண்டிய நேரம் பேருந்தில் கரைகிறது.

வீடு மட்டும் கொடுத்தாலும் போதாது. நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் இதே சாலையோரக் கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்டன. பலருக்குப் பழைய வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் எட்டாத தூரமாயின. எனவே அலுவலகங்களுக்கு இடம் ஒதுக்கும்போதே, குறைந்த வருமானக்காரர்களின் வீடுகளுக்கும் அருகிலேயே இடம் ஒதுக்குவது அரசின் பொறுப்பு.

நம் கையில் இருப்பதும் உண்டு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் அவசியம். அதில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. பத்து மாத முன்பணம் பழகிப்போன நகரம் இது. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை முழுதாக வாசியுங்கள்.

நம்மில் வீட்டை வாடகைக்கு விடுவோரும் இருக்கிறார்கள். அடுத்த முறை வாடகையை உயர்த்தும் முன், குடியிருப்பவரின் சம்பளம் எவ்வளவு உயர்ந்தது என்பதையும் ஒருமுறை விசாரியுங்கள்.