மாலையில் இறுகும் முன் சக்கரம்

மோட்டார் சைக்கிள் ரிப்பேர் நமக்கெதற்கு, அது ஆண்பிள்ளைகள் பாடு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. ஓட்டுகிறவர் அவராக இருக்கலாம். ஆனால் எத்தனை வீட்டில் காலையில் வண்டியை வாசலில் இறக்குவதும், ராத்திரி உள்ளே தள்ளி நிறுத்துவதும், கூட்டிப் பெருக்க நகர்த்துவதும் நாம்தான்! முன் சக்கரத்தை ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்தால் ஓட்டுகிறவருக்குச் சட்டென்று தெரியாது. வேகம் குறைகிறதா, இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலேட்டரை முறுக்கிக்கொண்டு போய்விடுவார். தள்ளுகிறவர் கைக்குத்தான் அது முதலில் தெரியும்.

எங்கள் ஊர் நாமக்கல் பக்கம் சேந்தமங்கலம். என் வீட்டுக்காரருக்கு மிளகு, காபிக்கொட்டை வாங்கி விற்கிற வியாபாரம். வியாழக்கிழமைதோறும் காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறி, செம்மேடு வரை போய்ச் சாயங்காலம் திரும்புவார். அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். அவருக்கு முழங்கால் வலி; ஆகவே வீட்டில் வண்டியை ஏற்றி இறக்குவது என் பொறுப்பு.

போன வருஷம் ஆடி மாதம் வாக்கில் கவனித்தேன். காலையில் இறக்கும்போது வண்டி தானாக உருண்டு வருகிறது. சாயங்காலம் அவர் வந்து இறங்கியதும் தள்ளினால், முன்னாலிருந்து யாரோ கையால் பிடித்து நிறுத்துகிற மாதிரி இருக்கிறது. சரிவில் ஏற்றுவது சிரமந்தானே என்பீர்கள். இல்லை, தெருவின் சமதரையிலும் அப்படித்தான். அரை மணி கழித்து, சாமி விளக்கு ஏற்றிவிட்டு வந்து நகர்த்தினால் பழையபடி லேசாக இருக்கிறது!

இவரிடம் சொன்னேன். "ஏம்புள்ள, உனக்குத் தெம்பு கொறஞ்சு போச்சு, ரெண்டு முட்டை சாப்பிடு" என்று சிரித்தார். பட்டறைக்குக் கொண்டுபோனார், அதுவும் காலை வேளையில். மெக்கானிக் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானுங்க ஓடுது" என்று அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவை போனபோது பேரிங், பிரேக் பேட் இரண்டையும் மாற்றி 1,400 ரூபாய் வாங்கிக்கொண்டார். அடுத்த வியாழன் சாயங்காலம் அதே கதை.

தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் பெட்ரோல் கணக்கு எழுதி வைப்பது என் வழக்கம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 43-க்கு இறங்கியிருந்தது. அதைக் காட்டியபிறகுதான் இவர் முகத்தில் சிரிப்பு போயிற்று. எனக்குக் காசு பெரிதாகப் படவில்லை. பிரேக் தானாகப் பிடித்துக்கொண்டிருக்கிற வண்டியில் அந்த 70 வளைவுகளிலும் இறங்கி வருகிறாரே என்று வயிற்றைக் கலக்கியது. "அடுத்த வாரம் பஸ்ஸில் போங்க, இல்லாட்டிப் போகவே வேண்டாம்" என்று சாவியை எடுத்து அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

அடுத்த வீட்டுத் தம்பி ஐ.டி.ஐ. படித்தவன். நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் வேலை. அவனைச் சாயங்காலமாக வரச் சொல்லி, இவரைச் சமதரையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நேராக வரும்படிச் செய்தேன். முன் பிரேக்கை அதிகம் தொடவேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். வண்டி சூடாக இருக்கும்போதே பார்க்கவேண்டும் என்பதுதான் என் கட்சி.

தம்பி முதலில் டிஸ்க் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தான். தோசைக்கல்லில் விழுந்த மாதிரி 'சொய்' என்றது. பிரேக்கை உபயோகிக்காமல் வந்த வண்டிக்கு அத்தனை சூடு ஏது? (கையை வைத்துப் பார்த்துவிடாதீர்கள், தோல் வழண்டுவிடும்.) பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு, இவரைப் பின் ஸீட்டில் அழுத்தி உட்காரச் சொன்னான். முன் சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. கையால் சுற்றினால் கால் சுற்றுக்கூட வராமல் நின்றது. நல்ல வண்டியில் பேட் லேசாகச் 'சர்' என்று உரசினாலும் சக்கரம் ஒன்றிரண்டு சுற்றாவது ஓடவேண்டும்.

பிறகு அவன் செய்ததுதான் நான் மறக்காதது. காலிபரில் காற்று எடுக்கிற சின்ன நிப்பிள் ஒன்று இருக்கிறதல்லவா, அதைத் துணியால் சுற்றிக்கொண்டு ஸ்பேனரால் கொஞ்சம் தளர்த்தினான். பிரேக் ஆயில் பீச்சென்று வந்தது. சக்கரம் அந்த நிமிஷமே விட்டுவிட்டது! "பாத்தீங்களாக்கா, ஆயில் உள்ளே அழுத்தத்தோட மாட்டிக்கிட்டு நிக்குது. கோளாறு கீழே இல்லை, மேலே" என்றான். நிப்பிளைத் தளர்த்தியும் சக்கரம் விடாவிட்டால் காலிபரின் பிஸ்டனோ, அது நகருகிற பின்களோ துருப்பிடித்து இறுகியிருக்கின்றன என்று அர்த்தமாம்.

மேலே என்றால் மாஸ்டர் சிலிண்டராக இருக்கலாம், ரப்பர் ஹோஸாகவும் இருக்கலாம். ஹோஸ் பழசானால் உட்பக்கம் உப்பி அடைத்துக்கொள்வதுண்டு. நிப்பிளை இறுக்கி, பிரேக்கை மறுபடி பிடித்து அழுத்தம் ஏற்றிவிட்டு, ஹோஸ் மேலே மாஸ்டர் சிலிண்டரில் சேருகிற போல்ட்டைத் தளர்த்தினான். அங்கேயும் சக்கரம் விட்டது. ஹோஸில் அடைப்பு என்றால் அப்படி விட்டிருக்காது. ஆகவே குற்றவாளி மாஸ்டர் சிலிண்டர்தான்.

அதன் உள்ளே, ஆயில் திரும்ப மேலே போவதற்கு ஊசி முனையளவு ஒரு துவாரம் இருக்கிறது. லீவரை விட்டதும் ஆயில் அதன் வழியாகத் தொட்டிக்குப் போய்விடவேண்டும். பல வருஷம் மாற்றாத ஆயில் கசடாகி அதை அடைத்துவிட்டது, நம் ஸ்டவ் பர்னரில் அடைப்பு விழுகிறதே, அதே மாதிரி. பிரேக் பிடிக்கப் பிடிக்க ஆயில் சூடாகி விரிகிறது. போக இடமில்லாததால் பேடை இன்னும் அழுத்துகிறது. அதனால் இன்னும் சூடு. ஆறினால் சுருங்கி விட்டுவிடுகிறது. காலையில் பட்டறைக்குப் போன வண்டியில் கோளாறு அகப்படாததற்குக் காரணம் புரிகிறதா? லீவர் முழுசாகத் திரும்பாமல் நின்றாலும் இதே கதைதான். அழகுக்கென்று மாட்டுகிற கைப்பிடி ரப்பரும் கார்டும் லீவரை முட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் உள்ள அபாயம் வண்டி இழுப்பதோடு போவதில்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், மழைக்காலத்து உப்பு ஜாடியைப் போல. டாட் 4 ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது கணக்கு. ஈரம் ஏறியதற்கு 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, 140. கொதித்துக் குமிழி வந்துவிட்டால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும், பிரேக் பிடிக்காது. மலை இறக்கத்தில் அது நேர்ந்தால்? நான் சாவியை ஒளித்ததில் தப்பேயில்லை. பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். எந்த வகை என்பது தொட்டி மூடியிலேயே போட்டிருக்கும். சிலிண்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ரப்பர்கள் மாற்றி, புது ஆயில் ஊற்றிக் காற்று எடுக்க எங்களுக்கு ஆனது 650 ரூபாய். கண்ட இடத்தில் தளர்த்திவிட்டுக் காற்று எடுக்காமல் வண்டியைத் தெருவில் இறக்கக்கூடாது என்று தம்பி கண்டிப்பாகச் சொன்னான்.

எல்லா இழுப்பும் டிஸ்க் பிரேக்கால் வருவதல்ல. ஒரு சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் உரசினால் டிஸ்க் கோணியிருக்கும். சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது ஆட்டம் கண்டாலோ, சுற்றும்போது கரகரவென்றாலோ பேரிங். டயரில் காற்று குறைந்தாலும் தள்ளக் கனக்கும், அதை முதலில் பார்த்துவிடுங்கள், காசில்லாத வைத்தியம். டிரம் பிரேக் வண்டியில் கேபிளை அளவுக்கு மீறி முறுக்கி வைப்பார்கள். இல்லாவிட்டால் கேபிள் துருவேறித் திரும்பாது. லீவரை விட்டதும், டிரம்மின் மேலுள்ள சின்னக் கை சட்டென்று பழைய இடத்துக்கு வருகிறதா என்று கவனித்தால் போதும்.

ஸ்கூட்டி ஓட்டுகிற நம் பெண்களுக்கு ஒன்று. 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி. வரையுள்ள புது வண்டிகளுக்கு, இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும் பிரேக் அல்லது ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டது. சேர்ந்து பிடிக்கிற வண்டியில் இடது கை லீவரே முன் சக்கரத்தையும் இழுக்கும். அந்தக் கேபிளை இறுக்கி வைத்துவிட்டால், வலது லீவரை எத்தனை தளர்த்தினாலும் முன் சக்கரம் விடாது. சர்வீஸ் முடிந்து வண்டி வந்ததும் ஒரு தரம் தள்ளிப் பார்த்து வாங்குங்கள்.

சுத்தம் செய்யும்போது பிரேக் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததுண்டு; நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் ஆயில் பெயிண்டையும் தின்றுவிடும். மீந்ததைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கிற வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது விஷம், குழந்தைகள் கண்ணில் பட்டால் குடித்துவைக்கும். மிச்சம் வைக்காமல் பட்டறையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.